தோளுக்கு மேலே எழாத கை

என்னைப் பிள்ளைகள் கந்தகம் என்று கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால்தான். வேறு எதிலும் ஒத்துப்போகாத மூன்று கூட்டம் இந்த ஒரு பெயரில் மட்டும் ஒத்துப்போயிருந்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் அறை முழுக்க நெடி அடிக்காமல் போகாது. பெயர் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சந்தைப் பிள்ளைகள் எங்கள் மொழி பேசுகிறவர்கள். அவர்கள் வீட்டில் கடையோ பட்டறையோ இருக்கும். ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பேசுவது வேறு மொழி. கல்குவாரியில் பாறை உடைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி, அதில் எனக்கு "வா", "போதும்", "தண்ணீர்" மூன்றுதான் தெரியும். இந்த மூன்று கூட்டத்துக்கும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு திண்மம், திரவம், வாயு என்று நான் கத்திக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் தலைமையாசிரியருக்கு நான் வைத்த பெயர் சுற்றறிக்கை. மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைக் கொண்டுவந்து, "அவரவர் தாய்மொழியில் புரிய வைக்கணும்னு போட்டிருக்கு டீச்சர்" என்றார். "நீங்க ஒரு பாடம் நடத்திக் காட்டுங்க, பார்த்துக் கத்துக்கறேன்" என்றேன். அதற்கப்புறம் அவர் ஆய்வகப் பக்கம் வரவில்லை.

வாய் உதவாது என்று தெரிந்த பிறகு உடம்பைப் பிடித்துக்கொண்டேன். என் வகுப்பில் எதையும் நடித்துக் காட்ட வேண்டும். திண்மம் என்றால் தோளோடு தோள் ஒட்டி நில். வாயு என்றால் அறை முழுக்க ஓடு. ஒருநாள் உறைந்த தண்ணீரை நடிக்கச் சொன்னேன். சந்தைப் பிள்ளைகள் நெருக்கி நின்றார்கள். ஐஸ் கம்பெனிப் பிள்ளைகள் மட்டும் கையை அகட்டி, இன்னும் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தகர டப்பாவில் தண்ணீர் உறையும்போது டப்பா எப்படிப் புடைக்கும் என்று அவர்கள் தினம் பார்த்தவர்கள். புத்தகத்தில் இரண்டு பக்கம் இருப்பதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

நடிப்பதற்கு இரண்டு சட்டம் வைத்திருந்தேன். பார்த்ததை மட்டும் நடிக்க வேண்டும், நினைத்ததை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இது முதல் சட்டம். இரண்டாவது, மூன்று கூட்டமும் தனித்தனியாக, ஒருவர் செய்வதை ஒருவர் பார்க்காமல் நடிக்க வேண்டும். மூன்றிலும் எது பொதுவாக வருகிறதோ அதை மட்டும்தான் பலகையில் எழுதுவேன். அவர்களுக்குள் பேசிவைத்துக்கொள்ள வழியே இல்லை, பொது மொழி இருந்தால்தானே. அவர்களுடைய சண்டையையே தராசாக்கி வைத்திருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

குவாரிப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் காந்தம் என்று பெயர் வைத்திருந்தேன். வந்த முதல் வாரமே ஆய்வகத்துக் காந்தத்தை மடியில் கட்டிக்கொண்டு போய், குவாரித் தூசியில் போட்டு இழுத்து, ஒரு கைப்பிடி இரும்புத் தூளோடு திரும்பி வந்தவள். திருடியதற்குத் திட்டுவதா, கண்டுபிடித்ததற்குக் கொஞ்சுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். எங்கள் மொழியை அவள்தான் குவாரிப் பிள்ளைகளிலேயே முதலில் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடைசி வகுப்பு. மாடியில் இருக்கும் ஆய்வகத்தின் பின்ஜன்னலுக்குக் கீழே ஒரு சந்து, அங்கேதான் குவாரிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வேன் நிற்கும். வேன்காரர் எங்கள் மொழிக்காரர், சந்தையிலேயே பிறந்து வளர்ந்தவர். குவாரிக்காரர்களை யாரும் வண்டியில் ஏற்றக் கூடாது என்று சந்தைச் சங்கத்தில் அந்த மாதம்தான் முடிவெடுத்திருந்தார்கள். அவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்து எல்லார் வயிற்றிலும் அடிக்கிறார்களாம். வேன்காரர் மட்டும் மசியவில்லை. "சின்னப் புள்ளைங்க என்னங்க கூலி வாங்குது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

நான் சாமான் அறைக்குள் ஏணியில் நின்று பீக்கர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் இரும்பு சதையில் விழும் சத்தம் கேட்டது. அப்போது அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு மனிதர் கத்தினார், அப்புறம் கத்தவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் இறங்கி ஓடிவருவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போய்விட்டது. வகுப்பு முழுக்க ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கீழே வேன்காரர் சக்கரத்தின் பக்கத்தில் கிடந்தார். ஜாக்கிக் கம்பி பக்கத்தில் கிடந்தது. காதுக்கு மேலே மண்டை உள்ளே போயிருந்தது, அந்தக் குழியில் ரத்தம் தேங்கி வழிந்துகொண்டிருந்தது. மகளைச் சந்தைக்குக் கூட்டிப் போக வந்திருந்த குவாரிக்காரர் ஒருவர், காந்தத்தின் அப்பா, சந்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார். ஓடிவந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் மண்டியிட்டு வேன்காரரின் தலையை மடியில் எடுத்து வைத்து, தன் சட்டையைக் கழற்றிக் குழியில் அழுத்தினார். கைக்கு இடைஞ்சலாகக் கிடந்த கம்பியை எடுத்து ஓரமாகப் போட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துச் சந்தை ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

கையில் ரத்தம், கையில் கம்பி, மேலே சட்டை இல்லை, குவாரிக்காரன். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தன் வயிற்றில் உதைத்தான், விழுந்தவரின் மேல் ஏறி இன்னொருத்தன் மிதித்தான். தராசுக் கல்லைத் துணியில் முடிந்துகொண்டுவந்து முதுகில் இறக்கினான் ஒரு காய்கறிக்காரன், காலையில் எனக்கு நாலு தக்காளி கொசுறு போட்ட அதே ஆள். நான் படியில் விழுந்து எழுந்து ஓடினேன். "அவர் அடிக்கலை, நான் பார்த்தேன்" என்று கத்தினேன். "நெருப்பில்லாம புகையுமா டீச்சர், நகருங்க" என்று ஒருவன் என்னைச் சுவரில் தள்ளினான். அவர் ஒவ்வொரு அடிக்கும் மாடியைப் பார்த்தார், மகள் பார்க்கிறாளா என்று. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போலீஸ் வந்து அவரைத்தான் தூக்கிக்கொண்டு போனது.

மறுநாள் விசாரிக்க ஏட்டு ஒருவர் வந்தார். தலைமையாசிரியர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "பசங்க பயந்து கிடக்குது, வேண்டாமே" என்று குழைந்தார். "வேணும்" என்றேன் நான். "ஓடிவந்ததை நானே பார்த்தேன், அடிச்சவன் வேற ஆளு. அதை முப்பது பிள்ளைங்க பார்த்திருக்கு."

"முகம் பார்த்தாங்களா டீச்சர்?"

"ஹெல்மெட் போட்டிருந்தான்னு பிள்ளைங்க சொல்லுது."

"அப்புறம் என்னத்தைப் பார்த்தாங்க?"

"உட்காருங்க, காட்டறேன்."

மூன்று கூட்டத்தையும் மூன்று அறையில் பிரித்து வைத்தேன். ஏட்டையும் கூட்டிக்கொண்டு முதலில் ஐஸ் கம்பெனிப் பிள்ளைகளின் அறைக்குப் போனேன். ஒரு பையன் வேன்காரராகக் குனிந்து நின்றான், இன்னொருவன் அடித்தவன். அடித்தவன் கம்பியைத் தலைக்கு மேலே ஓங்கவில்லை. வலது முழங்கையை இடது கையால் கீழிருந்து தாங்கிப் பிடித்தான். இடுப்பைத் திருப்பினான். கம்பியைப் பக்கவாட்டில், அரிவாள் வீசுவதுபோல் வீசினான். மூன்று முறை வீசிவிட்டுக் கழுத்தை ஒரு பக்கமாக வெட்டி நெட்டி முறித்தான்.

ஏட்டு சிரித்தார். "பையன் நல்லா நடிக்கிறான்."

இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். நினைத்ததை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். சந்தைப் பிள்ளைகளின் அறைக்குப் போனோம். அதே முழங்கை, அதே இடது கை, அதே இடுப்பு. கழுத்தையும் அப்படியே வெட்டினார்கள். மூன்றாவது அறையில் காந்தமே அடித்தவனாக நின்றாள். அவள் கையில் ஒரு அடிஸ்கேல் இருந்தது. அவள் வீசியபோது எனக்கு அவள் தெரியவில்லை, என் தம்பி தெரிந்தான்.

என் தம்பிக்குப் பத்து வயதில் வலது காறையெலும்பு உடைந்தது. எங்கள் அப்பா உடைத்தது. அடியாத மாடு படியாது என்பது அப்பாவின் வேதம், மண்வெட்டிக் காம்புதான் அவருக்குப் பிரம்பு. எலும்பைச் சரியாகக் கட்டாமல் விட்டுவிட்டார்கள், கோணலாக ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவன் வலது கை தோளுக்கு மேலே எழாது. லேத் பட்டறை வைத்திருக்கிறான். சம்மட்டி அடிப்பதானால் முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் அடிப்பான். அடித்துவிட்டு வலி தாங்காமல் கழுத்தை வெட்டுவான். அந்த வீட்டில்தான் நானும் இருக்கிறேன், அவனோடும் அவன் மனைவியோடும். கல்யாணம் என் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை, எனக்கு இருந்த ஒரே பிள்ளை அவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மூணும் ஒண்ணா டீச்சர்?" என்று கேட்டார் ஏட்டு.

"ஒண்ணு" என்றேன். "மூணும் ஒண்ணுதான்."

"சரி, அதனால?"

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எனக்குத் தாடையே ஆடியது. "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேன்" என்றேன். ஒரு ராத்திரி அவனுக்குக் கொடுக்க நினைத்தேன், அவனாகவே போகட்டும் என்று. திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவன் இல்லாதவர்கள் முதலில் திட்டலாம்.

சாயங்காலம் பட்டறையில் அவன் ஹெல்மெட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கதவைச் சாத்தினேன்.

"யாருடா பண்ணினது?"

"எதை?"

"என்கிட்ட நடிக்காதே. நடிக்கறதுக்கு முப்பது பேரை நான் வளர்த்து வச்சிருக்கேன்."

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "சங்கத்துப் பேச்சைக் கேக்கலைன்னு மிரட்டத்தான்க்கா போனேன். அந்தாளு என்னைப் பார்த்து, 'உன் பட்டறையில வேலை இல்லைன்னா பசங்க மேல ஏன் பாயறே'ன்னான். சிரிச்சான்க்கா. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியலை."

"உனக்குத் தெரியலை. முப்பது பிள்ளைக்குத் தெரியுது. ஸ்டேஷனுக்குக் கிளம்பு."

"குவாரிக்காரன் ஒருத்தன் உள்ள இருக்கான் இல்ல, போதும். நம்ம ஆளு ஒருத்தன் போகணுமா?"

"அவர் வேன்காரர் தலையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தார்டா. நீ உடைச்ச தலையை."

பக்கத்தில் இருந்த இரும்புப் பட்டையை எடுத்து வீசினான். லேத்தின் விளக்கு நொறுங்கி என் கழுத்தில் சிதறியது. அவன் மனைவி கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. அவன் என் தாடையை ஒரு கையில் கவ்விச் சுவரோடு சேர்த்துப் பிடித்தான், கிரீஸ் நாற்றம் என் வாய்க்குள் போனது. "நீ யார் வீட்டு உப்பைத் தின்கறே?" என்று கேட்டான். என் சம்பளத்தில்தான் அந்த லேத்துக்குத் தவணை கட்டினோம் என்று அவனுக்கு ஞாபகப்படுத்த என்னால் வாய் திறக்க முடியவில்லை. பிடியை விட்டதும் அவனே உட்கார்ந்து அழுதான். அவன் அழுகிறானே என்று எனக்கும் அழுகை வந்தது, அந்த அழுகையின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

விடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. வேன்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இனி இது கொலைக் கேஸ். "கிளம்பு" என்று மறுபடியும் சொன்னேன். அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

ஸ்டேஷன் வராந்தாவில் வேன்காரரின் மனைவி பிணத்தை வாங்கும் காகிதத்துக்காக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவருடைய அண்ணன். எதிர்ச் சுவரோரம் காந்தமும் அவள் அம்மாவும் குந்தியிருந்தார்கள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. காந்தம் எழுந்து என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டரிடம் பெயரைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க தம்பி?"

"என் தம்பி."

"முகம் பார்த்த சாட்சி யாரும் இல்லையே."

"அடிச்சவனுக்கு வலது கை தோளுக்கு மேல எழலை. மூணு மொழி பேசற பிள்ளைங்க தனித்தனியா காட்டினதை உங்க ஏட்டு பார்த்தார். என் தம்பிக்கு அந்தக் கை எழாது. நீங்க உள்ள வச்சிருக்கறவர் நாள் முழுக்கத் தலைக்கு மேல சம்மட்டி ஓங்கிப் பாறை உடைக்கறவர். ரெண்டு பேரையும் நிக்க வச்சுக் கையைத் தூக்கச் சொல்லுங்க. அது போதும்."

இதைச் சொல்லும்போது எனக்குள்ளே ஒரு தெளிவு இருந்தது. நல்ல சோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், ஒரே ஒரு வித்தியாசம், யார் கண்ணுக்கும் தெரியும் விடை. இன்ஸ்பெக்டர் என்னை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, என் தம்பியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். கையைத் தூக்கச் சொன்னதும் தூக்கினான். தோள்வரை வந்து நின்றது. "சின்ன வயசுல உடைஞ்சது சார், ஊருக்கே தெரியும்" என்றான்.

பிறகு காந்தத்தின் அப்பாவைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு கண் மூடிக் கிடந்தது. நகம் இருக்க வேண்டிய இரண்டு விரலில் நகம் இல்லை. வலது கை தோளிலிருந்து தனியாகத் தொங்கியது, தோளின் மேல் ஒரு மேடு தோலுக்கு அடியில் முட்டிக்கொண்டிருந்தது. காந்தம் தன் மொழியில் அவரிடம் சொன்னாள், கையைத் தூக்கச் சொல்கிறார்கள் என்று. அவர் மகள் சொன்னதற்காக முயற்சி செய்தார். உள்ளே எலும்பும் எலும்பும் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது. கை இடுப்பைத் தாண்டவில்லை. அவர் முனகியபடி முட்டி மடங்கி உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருக்குமே எழலையே" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க அறிவியல் என்ன சொல்லுது டீச்சர்?"

அவரை விடுவிக்கக்கூடிய அந்த ஒரே வித்தியாசத்தையும் இவர்கள் முதல் ராத்திரியே லாக்கப்பில் உடைத்து வைத்திருக்கிறார்கள்.

"எக்ஸ்ரே எடுங்க" என்றேன். "ஒண்ணு முப்பது வருஷத்துக்கு முன்னாடி உடைஞ்சு ஒட்டின எலும்பு, இன்னொண்ணு முந்தாநாள் உடைஞ்சது. படத்துல குழந்தைக்குக்கூடத் தெரியும்."

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. முந்தாநாள் எலும்பை உடைத்தது யார் என்றும் அந்தப் படம் சொல்லும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க. இந்தக் குவாரிக்காரன் ஒத்துக்கிட்டான் டீச்சர். கொலைன்னு போடலை, கைகலப்புன்னு போடறேன். நாலு வருஷத்துல வெளியே வந்துடுவான். உங்களுக்கும் வீட்டுல ஆளு வேணும். எல்லாருக்கும் நல்லது."

"வாக்கா, வீட்டுக்குப் போலாம்" என்றான் தம்பி. நிம்மதி அவன் முகத்தில் எண்ணெய் மாதிரி பரவியிருந்தது.

காந்தம் அப்பாவிடம் பேசினாள். அவர் கேட்டதை எனக்குச் சொன்னாள். "டீச்சர், அப்பா கேக்குறாரு. தூக்குல போட மாட்டாங்கன்னா கைநாட்டு வைக்கறாராம். கை மறுபடி பாறை உடைக்குமான்னும் கேக்குறாரு."

"தெரியலைடி" என்றேன்.

ஏட்டு மைப்பெட்டியைத் திறந்தார். காந்தத்தின் அப்பாவுடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். இன்னும் ஒரு சாண் தூரம்தான், அந்த விரல் காகிதத்தில் இறங்கினால் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை எதை நடித்தாலும் செல்லாது.

நான் தம்பியின் வலது முழங்கையைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து மேலே தள்ளினேன். அவன் அலறினான்.

"தூக்குடா" என்றேன். "நொண்டிக் கை. தூக்குடா நொண்டிக் கை."

அப்பா அவனைக் கூப்பிட்ட பெயர் அது. கட்டு அவிழ்ந்த நாளிலிருந்து சாகும் வரை அப்படித்தான் கூப்பிட்டார், சாப்பிட வா நொண்டிக் கை, விளக்கைப் போடு நொண்டிக் கை. அவர் செத்த பிறகு அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. பட்டறையில் ஒருமுறை ஒரு கூலிக்காரன் விளையாட்டாகச் சொல்லப்போய்ப் பல்லை இழந்தான். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், மூன்றாவது முறையும் சொன்னேன்.

மேஜையில் சாய்த்திருந்த லத்தி அவன் கைக்கு எப்படி வந்தது என்று நான் பார்க்கவில்லை. மற்றதைப் பார்த்தேன். இடது கை வலது முழங்கையைக் கீழிருந்து தாங்கியது. இடுப்பு திரும்பியது. முதல் வீச்சு என் விலாவில் இறங்கியது, உள்ளே ஏதோ குச்சி முறிவதுபோல் முறிந்தது. மூச்சு நின்றுபோனது. இரண்டாவது இடுப்பில். மூன்றாவது தாடையில் விழுந்தபோது வாய்க்குள் பல்லும் ரத்தமும் சேர்ந்து புரண்டன, நான் மேஜைக்கு அடியில் கிடந்தேன். கீழே கிடந்தபடி மேலே பார்த்தேன். அவன் கழுத்தை ஒரு பக்கமாக வெட்டினான்.

"இதான்" என்று காந்தம் கத்தினாள். முதலில் அவள் மொழியில், அப்புறம் எங்கள் மொழியில். "இப்படித்தான். இவர்தான்."

வாசலில் வேன்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு வராந்தாவே அங்கே வந்து நின்றிருந்தது. அந்த அம்மாள் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்த குவாரிக்காரரைப் பார்த்தார், லத்தியோடு நின்ற என் தம்பியைப் பார்த்தார். அவருடைய அண்ணன் உள்ளே பாயப் போனார், இரண்டு போலீஸ்காரர்கள் குறுக்கே விழுந்து பிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். இத்தனை பேர் பார்த்ததை இனி எந்த எழுத்தாலும் மாற்ற முடியாது. குவாரிக்காரர் மை தொட்ட விரலைத் தரையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

லத்தி கீழே விழுந்தது. தம்பி என் பக்கத்தில் மண்டியிட்டான். என் முகத்தைத் தொட நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினான்.

"அக்கா, வலிக்குதா?"

இவனுக்காகத்தான் நான் எத்தனை நாள் அப்பாவின் கையைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். அவன் கேட்டது பொய் இல்லை. அவனுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"வலிக்குதுடா" என்றேன். வாயிலிருந்து ரத்தம் வழிந்ததால் அவனுக்குப் புரிந்ததோ என்னவோ. பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "எழுதிக்கோங்க சார்" என்றேன்.

விலங்கு மாட்ட வந்தபோது அவனே இரண்டு கையையும் நீட்டினான். ஏட்டு அவசரத்தில் வலது கையைப் பிடித்து மேலே இழுத்தார். நான் தரையில் கிடந்தபடியே அவர் காலைப் பிடித்து, அந்தக் கையை மட்டும் தாழ்த்திப் பிடியுங்கள், மேலே இழுத்தால் அவனுக்கு வலிக்கும் என்று சொன்னேன்.